எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள்



இன்று ஒரு கலையைப் பற்றிப் பேசப் போகிறேன். அது டீக்கடை பெஞ்சிலும், தொழிற்சங்க அலுவலகத்து வாசலிலும், மாலை நேரத் திண்ணையிலும், சாவு வீட்டுப் பந்தலிலும் நடக்கிறது. உழைத்து ஓய்ந்த ஒருவர், தான் வளர்ந்த ஊரையும் வேலை பார்த்த இடத்தையும் நினைவிலிருந்து எடுத்து, கேட்பவர் கண்முன்னே நிறுத்துவார். அந்தச் சொல்லும் கலையைத்தான் சொல்கிறேன். கச்சேரிக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். இதற்கும் ஒரு மதிப்பீடு வேண்டும். எது நல்ல சொல்லல், எது வெறும் பெருமூச்சு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் கொடுங்கையூரில் பிறந்து வளர்ந்தவன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்று கொடுங்கையூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த மேட்டுக்கு முன்னால் இந்த ஊருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பது இங்கேயே வளரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1950களின் கடைசியில், நான் சிறுவனாக இருந்தபோது, இது மதராஸின் விளிம்பில் இருந்த கிராமம். வயலும் ஏரியும் மாட்டுவண்டியும் இருந்தன. ஆனால் ஊரிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நிற்கலாம்.

தெற்கே பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும். முன்னது 1876இல் தொடங்கியது, பின்னது 1881இல். இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆனது. எங்களுக்கு அது பின்னி மில். அங்கே நெய்த காக்கித் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போயிற்று. அதே பெரம்பூரில் 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. கிழக்கே ராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது அந்த நிலையத்திலிருந்துதான். கடலோரமாக வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர். அங்கே தீப்பெட்டி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். பிறகு மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் வந்தது, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் ஐந்தாறு வீட்டிலாவது ஷிப்ட்டுக்குப் போகிற ஆள் இருப்பார். ஆலைச் சங்கு ஊதினால்தான் அந்த வீடுகளில் அடுப்பு பற்றும்.

என் அப்பா பின்னி மில்லில் தறிக்காரர். பேச்சில் அவர் பெரிய வல்லவர் அல்லர். ஆனால் தறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தெருவே வந்து உட்காரும். தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் ஓடும். அந்த இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் எல்லாம். மேஸ்திரி வருகிறார் என்றால் ஒரு சாடை, பாவு நூல் அறுந்தது என்றால் ஒரு சாடை, கேன்டீனில் இன்றைக்கு என்ன என்பதற்கும் ஒரு சாடை. அப்பா ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். நாடாவில் ஊடை தீரப் போகிறது என்பதைப் பார்க்காமலே, சத்தம் லேசாவதிலிருந்து தறிக்காரன் கண்டுபிடிப்பான் என்பார். அந்த இரண்டு சத்தங்களையும் நாக்கால் தட்டிக் காட்டுவார். சிறுவர்களாகிய எங்களுக்கு வித்தியாசம் கேட்கும். கேட்ட பிறகு அந்தத் தறிக்கூடத்துக்குள் நாங்களும் நின்றோம்.

இந்தக் கலையின் முதல் இலக்கணம் இதுதான். நல்ல சொல்லி, கை அறிந்ததைச் சொல்வார். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று ஆரம்பிப்பவரிடம் கேட்பதற்கு அதிகம் இருக்காது. வேலை எப்படி நடந்தது என்று சொல்பவரிடம் ஒரு உலகமே இருக்கும். ஏக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். மதுரையில் வளர்ந்தவருக்கும் மலேயாவில் வளர்ந்தவருக்கும் இளமை திரும்ப வராது. ஆனால் ஊடை தீரும் சத்தம் தறிக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லாமல் போனால் அது எந்தப் புத்தகத்திலும் நமக்குக் கிடைக்காது.

நான் பட்டறையில் சேர்ந்தபோது முதலில் கையில் கொடுத்தது அரம். சொல்லிக் கொடுத்த பெரியவர், “அரத்த அமுக்காத நைனா. முன்னால போவசொல்லதான் அது வெட்டும். திரும்பி வரசொல்ல சும்மா தூக்கினு வா” என்பார். புது அரத்தை எடுத்த எடுப்பில் எஃகில் போடக் கூடாது, முதலில் பித்தளையில் ஓட்டிப் பதம் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். லேத்தில் சுருண்டு விழும் சீவலின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார். வெள்ளையாகவோ வைக்கோல் நிறத்திலோ வந்தால் சரி. நீலம் பாய்ந்து வந்தால் சூடு ஏறிவிட்டது, வேகத்தைக் குறை, இல்லையென்றால் டூல் முனை போய்விடும். இத்தனையும் அவர் வாயால் வந்த பாடம். பாடத்தோடு கதையும் வரும். யாரிடம் கற்றார், அந்த ஆள் எந்த ஊர், எந்தச் சண்டையில் பேச்சை நிறுத்தினார்கள், எந்தப் பொங்கலுக்குச் சேர்ந்தார்கள் என்று ஒரு தலைமுறையே அரத்தின் நுனியில் வந்து நிற்கும். தொழில் கற்பிப்பதும் கதை சொல்வதும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகவே நடந்தன.

திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் தங்க நிறக் கோட்டைக் கையாலேயே இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மெல்லிய தூரிகை, வளைந்த இரும்பு, அளவுகோல் கிடையாது. கோடு ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர்கள் அதை விவரிக்கும்போது வலது கை தானாக எழும்பிக் காற்றில் அந்த வளைவைப் போடும். நான் அதை ரசித்துப் பார்ப்பேன். நடனத்தில் அபிநயத்துக்கு என்ன இடமோ அந்த இடம் இந்தக் கலையில் கைக்கு உண்டு.

இரண்டாவது இலக்கணம், அளவு. நல்ல சொல்லிகள் கூலியைச் சொல்வார்கள், அரிசி விலையைச் சொல்வார்கள், ஷிப்ட்டு எத்தனை மணிக்கு மாறும் என்று சொல்வார்கள். போனஸ் வந்த மாதம் வீட்டுக்கு என்ன வந்தது, வராத மாதம் எந்தப் பாத்திரம் அடகுக் கடைக்குப் போனது என்று சொல்வார்கள். இந்த விவரம் இல்லாத நினைவு யாருடைய வாழ்க்கையிலும் பொருந்திவிடும். விவரம் வந்ததும் அது ஒரு மனிதரின் வாழ்க்கை ஆகிறது.

மூன்றாவது, பயத்தையும் வலியையும் மறைக்காமல் சொல்வது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், மதிய ஷிப்ட்டில் ஒருவருக்குப் பிரஸ்ஸில் விரல் போயிற்று. அவரே அந்தக் கதையைப் பின்னாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் தடுப்பு இல்லை, எத்தனை உருப்படி முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் யார் கையைப் பிடித்துக்கொண்டார் என்று வரிசையாகச் சொன்னார். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. கேட்ட இளைஞர்கள் மறுநாள் தங்கள் மெஷினில் தடுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு நினைவு இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்?

சொல்லப்பட்ட நினைவு ஊரையே மாற்றியதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 1918க்கு முன் பெரம்பூரில் செல்வபதி செட்டியார் என்பவர் துணிக்கடை வைத்திருந்தார். பின்னி மில் தொழிலாளிகள் அங்கே வருவார்கள். ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையிலும் கூடுவார்கள். பஜனைக்கும் சொற்பொழிவுக்கும் நடுவே அன்றாடம் ஆலையில் பட்டதைச் சொல்வார்கள். சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு குறுகியது, ஓடிப் போய்ச் சாப்பிட்டு ஓடி வருவதற்குள் வாசல் எப்படி அடைபட்டுவிடுகிறது என்பதெல்லாம் அங்கே பேச்சாயின. செல்வபதி செட்டியாரும் அவரோடு இருந்த ராமானுஜுலு நாயுடுவும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினார்கள். ஹோம்ரூல் இயக்கத்தவரான பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக அதை வரலாற்றில் குறிக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தை நீட்ட வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கைகளுள் ஒன்று. கடைத்திண்ணைப் பேச்சு சங்கமாக எழுந்து நின்றது.

அதே ஆலையின் கதையில் இந்தக் கலையின் குறையையும் பார்க்கிறேன். 1921இல் அங்கே மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அதன் நடுவே தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் நடந்தது, குடிசைகள் எரிந்தன. சங்கத்தின் பக்கத்து நினைவு சங்கத் தலைவர்களில் ஒருவரான திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் இருக்கிறது. ஆதிதிராவிடர் பக்கத்து நியாயத்தை அன்றைக்கு ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா எடுத்துப் பேசினார். ஆனால் என் சிறுவயதில் திண்ணைகளில் கேட்ட கதையில், வேலைநிறுத்தம் வரும், துப்பாக்கிச் சூடு வரும், தலைவர்கள் வருவார்கள். புளியந்தோப்பு வந்ததும் சொல்பவர் குரல் தாழ்ந்து அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும். இன்னொரு தெருத் திண்ணையில் ஆதிதிராவிடர் பக்கம் மட்டுமே கதையாக இருந்திருக்கும். இரண்டு திண்ணையையும் கேட்காதவருக்கு அந்த 1921 பாதிதான் தெரியும். நினைவு சொல்பவர் எதைத் தாண்டிப் போகிறார் என்று கவனிப்பது கேட்பவரின் கடமை. தாண்டிய இடத்தில் நிறுத்தி, “அங்கே என்ன நடந்தது?” என்று கேட்கும் துணிவும் வேண்டும்.

இன்னொரு குறை, பெண்களின் குரல். திண்ணை ஆண்களுடையதாக இருந்தது. என் அத்தை ராயபுரத்தில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்றவர். அவரை யாரும் உட்காரவைத்துக் கதை கேட்டதில்லை. அவரே மீன் அரியும்போது தனக்குத்தானே பேசுவதுபோலச் சொல்வார். கூடையின் மேல்வரிசையைப் பார்த்து ஏலம் கேட்கக் கூடாது, கையை உள்ளே விட்டு அடிமீனைத் தொட வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் எப்போது பிடிபட்டது என்று தெரிந்துவிடும். காரப்பொடி நிறைய வந்த நாளில் வஞ்சிரத்தை எடுக்காதே, இந்தத் தெருவில் வாங்க ஆள் இல்லை. எந்த வீட்டுக்காரம்மா கடன் சொன்னால் கொடுக்கலாம், எந்த வீட்டில் கையில் காசு வாங்காமல் கூடையை இறக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பெண் ஒரு வட்டாரத்தின் வரவுசெலவையே தலையில் வைத்திருந்தார். அது தொழில் அறிவு. அதை நாங்கள் சமையலறைப் பேச்சு என்று விட்டுவிட்டோம்.

வடசென்னையில் நினைவைச் சொல்ல உரைநடைப் பேச்சு மட்டும் இல்லை. கானா இருக்கிறது. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானாவில் போனவரின் வாழ்க்கை பாட்டாகும். எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யாருக்கு உதவினார் என்று பாடகர் அங்கேயே கட்டிப் பாடுவார். குத்துச்சண்டை நினைவும் அப்படித்தான். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெரியவர்கள் ஆரம்பித்தால் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். எழுந்து நின்று காலை மாற்றி வைத்து, எந்தச் சுற்றில் எந்தக் கை இறங்கியது என்று காட்டுவார்கள். 2021இல் அந்தப் பரம்பரைகளை வைத்துத் திரைப்படம் வந்தபோது நாடே வியந்தது. எங்கள் தெருக்களில் அந்தக் கதை அதற்கு முன்பே பல ஆண்டுகளாகக் கைவீச்சோடு ஓடிக்கொண்டிருந்தது.

இனி கொஞ்சம் கடல் கடந்து போவோம். அதற்கும் எங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயரில் லேலண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்த லாரிக் கம்பெனியின் பெயர்தான் 1955இல் எண்ணூர்த் தொழிற்சாலையின் பெயரோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. வொர்செஸ்டர்ஷயரில் ரெடிச் என்று இன்னொரு ஊர். ஊசி செய்து உலகத்துக்கு அனுப்பிய ஊர். ராயல் என்ஃபீல்டு அந்த ஊர்க் கம்பெனி. அதே 1955இல் அதன் புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. ரெடிச்சில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் திருவொற்றியூர்க் கைகள் அதை விடாமல் செய்துகொண்டிருந்தன. 1950களில் ரெடிச்சில் வளர்ந்து பட்டறைக்குப் போன ஒரு பையனும், அடுத்த பத்தாண்டில் இங்கே பட்டறைக்குப் போன நானும் ஒரே மாதிரி அரத்தைப் பிடித்திருப்போம், ஒரே மாதிரி எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வந்திருப்போம். லங்காஷயர்த் தறிக்கூடங்களிலும் இரைச்சலுக்கு நடுவே வாயசைவிலேயே பேசிக்கொண்டார்கள். அப்பா அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்த நாட்டில் நினைவைச் சேர்த்து வைத்தார்கள். ரெடிச்சில் ஊசித் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகமே உண்டு. தொழிலாளிகள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளைப் பல்கலைக்கழகத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். வானொலியும் தன் பங்கைச் செய்தது. 1957இல் ஜான் ஆக்ஸன் என்ற ரயில் டிரைவர், நீராவிக் குழாய் உடைந்து கட்டுப்பாடு இழந்த எஞ்சினை விட்டுக் குதிக்காமல் கடைசிவரை நின்று உயிரை விட்டார். மறு ஆண்டு அவரைப் பற்றி பி.பி.சி.யில் ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். தயாரித்தவர் சார்லஸ் பார்க்கர். பாட்டுப் பக்கம் இவான் மக்காலும் பெக்கி சீகரும். அந்தக் காலத்து வழக்கப்படி, தொழிலாளிகளிடம் பேசிக் குறிப்பெடுத்து, அதை நடிகர்கள் படிப்பதுதான் முறை. பதிவு செய்த நாடாக்களை ஓட்டிக் கேட்டபோது, ரயில்வேக்காரர்களின் பேச்சுக்கு முன்னால் எந்த நடிகரும் நிற்க முடியாது என்று இவர்களுக்குப் புரிந்தது. அந்தக் குரல்களையே பாட்டோடு சேர்த்து ஒலிபரப்பினார்கள். அடுத்தடுத்து மீனவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் என்று, இதையும் சேர்த்து 1964 வரை எட்டு நிகழ்ச்சிகள். மீனவர் நிகழ்ச்சிக்கு 1960இல் சர்வதேசப் பரிசு கிடைத்தது.

நமக்கும் வானொலிக்கும் நெருக்கம் குறைவல்ல. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் தேதி தொடங்கியது. மாநகராட்சிப் பூங்காக்களில் ஒலிபெருக்கியின் கீழே புல்லில் உட்கார்ந்து வானொலி கேட்டது எங்கள் தலைமுறை. கேட்கப் பழகிய ஊர் இது. நம் தறிக்காரர்களையும், மோல்டர்களையும், மீன் விற்ற அத்தைகளையும் அவர்கள் சொந்தப் பேச்சிலேயே பதிவு செய்ய இப்போது பெரிய கருவிகூட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் போதும்.

அவசரம் ஏன் என்று சொல்கிறேன். பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. அந்தத் தறிக்கூடத்தில் நின்றவர்களில் இளையவருக்கே இன்று ஐம்பது வயதுபோல் இருக்கும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. கட்டடம் போனால் புகைப்படம் இருக்கும், கம்பெனிக் கணக்குக்கு ஏடு இருக்கும். நீலச் சீவலையும் அடிமீனையும் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. அவை ஆட்களிடம் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உழைத்து ஓய்ந்த ஒருவர் இருப்பார். அவரிடம் ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்பார், பேச்சு முடிந்துவிடும். ‘அந்த வேலையை எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். காலையில் வாசலுக்குள் போனதும் முதலில் எதைத் தொட்டீர்கள்? கற்றுக்கொடுத்தவர் யார்? தப்பு நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு என்ன வாங்கினீர்கள்? எதற்குப் பயந்தீர்கள்? உங்களோடு சேர்த்துக்கொள்ளாமல் யாரைத் தள்ளி வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் கைகள் தாமாக எழும்பும். அவர் பேசுகிற மொழியிலேயே பதிவு செய்யுங்கள், திருத்தாதீர்கள். மெட்ராஸ் பாஷையை நல்ல தமிழாக்கப் போனால் பாதி அறிவு உதிர்ந்துவிடும்.

பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு வீட்டுவேலையாகக் கொடுக்கலாம். கிளை நூலகங்கள் தங்கள் வட்டாரத்துக் குரல்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். பெரம்பூரின் காக்கித் துணிக்கும் திருவொற்றியூரின் தங்கக் கோட்டுக்கும் ஓர் அருங்காட்சியகம் கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. கொடுங்கையூரில் வளரும் ஒரு பிள்ளை, தன் ஊரைக் குப்பைமேட்டால் அடையாளம் சொல்லாமல், ‘எங்க தாத்தா காதாலேயே தறி பார்த்தவர்’ என்று சொல்லி நிமிர வேண்டும். அதற்கான கதை இன்னும் நம் தெருக்களில் உயிரோடு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள்.